என்ன வேண்டும்?

62 வயது முடிகிற வரையில், மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை. முதலில் அம்மா போட்டதைச் சாப்பிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு மனைவி போட்டதைச் சாப்பிட்டேன். எது போட்டாலும் பிடித்திருந்தது. எதையும் சாப்பிடுகிற சாது என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு பெருமை. எனக்குப் பிடித்தது மாத்திரமே இலைக்கு வந்தது என்ற விஷயம் அந்தப் பெருமைக்குத் தெரியாது.

சென்ற வருஷம் மகளின் பிரசவத்துக்காக மனைவி புதுச்சேரிக்குப் போனாள். ஊறுகாய் ஜாடிகளில் பெயர் எழுதி ஒட்டி, காஸ் அடுப்பை மூடும் விதத்தை இரண்டு தடவை சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். மூன்று நாள் சமைத்தேன். நாலாம் நாள் குடையை எடுத்துக்கொண்டு காரைக்கால் கடைத் தெருப் பக்கம் புறப்பட்டேன்.

ஒரு சந்தில் சின்னதாக ஒரு சாண்ட்விச் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் தட்டுத் தட்டாக வெள்ளரிக்காய், வெங்காயம், தக்காளி, குடமிளகாய், அவித்த முட்டை, பொரித்த கோழி, புதினாச் சட்னி. நாம் கை காட்டுவதை ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். கடைக்காரப் பையன் நீளமான ஒரு ரொட்டியைப் பிளந்து வைத்துக்கொண்டு, “என்ன ஸார் வைக்கட்டும்?” என்றான்.

“எல்லாரும் என்ன வைத்துக்கொள்வார்களோ, அதையே வை தம்பி.”

“அப்படி ஒண்ணும் கிடையாது ஸார். நீங்கதான் சொல்லணும்.”

எனக்குப் பின்னால் நாலைந்து கல்லூரி மாணவர்கள் காத்து நின்றார்கள். வினாத்தாளை வாங்கிய மக்குப் பையனைப் போல விழித்தேன். அவன் ஒவ்வொரு தட்டாகக் காட்ட, நான் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினேன். அடேயப்பா! கடைசியில் கைக்கு வந்த ரொட்டி முதலை வாய்க்குள்ளும் நுழையாது.

இந்த மாதிரிக் கடை நமக்குப் புதிது, உலகத்துக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் பிரிட்ஜ்போர்ட் என்ற ஊரில் 1965-ல் பிரெட் டெலூகா என்ற 17 வயதுப் பையன், குடும்ப நண்பர் ஒருவரிடம் 1000 டாலர் வாங்கி ஆரம்பித்த கடைதான் பிறகு ‘சப்வே’ ஆயிற்று. 2001-ல் அது டில்லிக்கு வந்தது. ஆனால் நீள ரொட்டிக்கும் எங்கள் ஊருக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது. 1739-ல் காரைக்காலுக்கு வந்த பிரெஞ்சுக்காரர்கள், நடுவில் சில தடவை ஆங்கிலேயரிடம் பறி கொடுத்தாலும், 1954 நவம்பர் முதல் தேதி வரையில் இங்கே ஆண்டார்கள். அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்து மனிதர்கள் சைகோனுக்கு உத்தியோகம் பார்க்கப் போனார்கள். பிரெஞ்சு ரொட்டி அங்கேயும் போயிருந்தது. சைகோன்காரர்கள் அதைப் பிளந்து, ஊறவைத்த காரட்டும் முள்ளங்கியும் கொத்துமல்லியும் மிளகாயும் திணித்து, ‘பான் மீ’ என்று தங்கள் பண்டமாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

தினமும் போனேன். இரண்டு வாரத்தில் தேறிவிட்டேன். பச்சை வெங்காயம் எனக்குப் பிடிக்காது என்பதை 62-ஆம் வயதில் கண்டுபிடித்தேன்! ஒரு நாள் பையன் பச்சை மிளகாய்த் தட்டை நகர்த்தினான். “வேண்டாம் தம்பி. பத்து வருஷத்துக்கு முன்னால் எனக்குக் குடல் புண். அன்று முதல் எங்கள் வீட்டில் காரமே கிடையாது” என்றேன்.

“வீட்டிலே எல்லாருக்குமா ஸார்?” என்று அவன் சாதாரணமாகக் கேட்டுவிட்டு ரொட்டியை மடித்தான்.

அன்று திரும்பும் வழியில் காரைக்கால் அம்மையார் கோயிலைத் தாண்டி நடந்தேன். ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் மாங்கனித் திருவிழாவில், சுவாமி பிட்சாடனராக வீதி வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து ஜனங்கள் மாம்பழம் எறிவார்கள். யோசித்துப் பார்த்தால் எங்கள் ஊரின் கதையே ஒரு மத்தியானச் சாப்பாட்டுக் கதைதான். கணவன் இரண்டு மாங்கனி அனுப்புகிறான். பசியோடு வந்த அடியாருக்குப் புனிதவதி ஒன்றைப் படைத்துவிடுகிறாள். கணவன் வந்து மற்றொன்றைத் தின்று, ருசி கண்டு, இன்னொன்றையும் கொண்டு வா என்கிறான். அவள் இறைவனை வேண்டிப் புதுக் கனி பெற்று இலையில் வைக்கிறாள். இத்தனை வருஷம் இந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன். அடியார் சாப்பிட்டார், கணவன் சாப்பிட்டான். புனிதவதி சாப்பிட்டாளா என்று அன்றுதான் கேட்கத் தோன்றியது.

நான் நாவல் எழுதுகிறவன். என் கதாநாயகிகளின் மனசுக்கு என்ன வேண்டும் என்று முந்நூறு பக்கம் எழுதச் சளைத்ததில்லை.

மனைவி திரும்பி வந்த மறுநாள் அவளையும் அழைத்துக்கொண்டு போனேன். “வீட்டிலே ரசம் இருக்கே” என்று வழியெல்லாம் முணுமுணுத்தாள். பையன் ரொட்டியைப் பிளந்து, “என்னம்மா வைக்கட்டும்?” என்றான். அவள் என்னைப் பார்த்தாள். நான் தெருவைப் பார்த்தேன். வெகு நேரம் பேச்சே இல்லை. பிறகு அவள் விரல் மெதுவாகப் பச்சை மிளகாய்த் தட்டுக்குப் போயிற்று.

“போதுமா அம்மா?”

“இன்னும் ரெண்டு வை தம்பி.”

கண்ணில் நீர் வழிய, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒரு துண்டு மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். பத்து வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “ரெண்டு பேர் இருக்கிற வீட்டிலே ரெண்டு குழம்பா வைக்கிறது?” என்றாள்.

இப்போது அவள் இலைக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் இருக்கிறது. அதில் பச்சை மிளகாய் நறுக்கி வைப்பது என் வேலை. முதல் நாள் நறுக்கிய கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டுவிட்டேன்.