கசிவின் எழுவாய்

‘புரை’ என்ற சொல்லைத் தமிழ் எவ்வளவு வேலை வாங்கியிருக்கிறது என்று நினைத்தால் வியப்பாக இருக்கும். துளை என்று ஒரு பொருள். குற்றம் என்று இன்னொரு பொருள். உண்ணும்போது பேசினால் புரையேறுகிறது. ஆறாத புண் புரையோடுகிறது. வயதானால் கண்ணில் புரை விழுகிறது. தொல்காப்பியமோ ‘புரைய’ என்பதை உவம உருபுகளுள் ஒன்றாக எண்ணுகிறது. போதாக்குறைக்கு, ஒரு கல்லின் மொத்தப் பருமனில் வெற்றிடம் எத்தனை பங்கு என்பதைக் குறிக்க அறிவியல் தமிழ் இதிலிருந்தே ‘புரைமை’ என்று ஒரு சொல்லை ஆக்கிக்கொண்டது. நல்ல ஆக்கம். எனக்கு அதில் வழக்கில்லை. வழக்கு, பட்டியலில் அதற்கு அடுத்து நின்ற சொல்லோடு.

பட்டியலை அனுப்பியவள் என் பழைய மாணவி. மயிலாப்பூரை அடுத்த ஒரு கல்லூரியில் நான் பகுதி ஒன்று தமிழ் நடத்துகிறேன். அவள் இயற்பியல் வகுப்பிலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, இலக்கணத்தில் மட்டும் சந்தேகம் கேட்பவள். இப்போது கிண்டிக்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட ஓர் ஆய்வுக்கூடத்தில் பாறைகளுக்குள் திரவம் செல்வதை அளந்துகொண்டிருக்கிறாள். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் குடிசார் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது நினைவிருக்கலாம். அப்படிப் படித்து வருகிறவர்களுக்கு உதவட்டுமே என்று, தான் செய்யும் சோதனையை ஒரு சிறு கையேடாகத் தமிழில் எழுதத் தொடங்கியிருந்தாள். நாற்பது சொற்களைக் கொடுத்து, “சரிபார்த்துத் தாருங்கள் ஐயா” என்றாள். இரண்டாவது சொல் ‘உட்புகுதிறன்’.

மேல்நிலை இயற்பியல் பாடநூலில் காந்தவியலுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டுவிட்டது. அது சிறிய தகராறு. ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்று அவள் வாதாடினாள், ஒப்புக்கொண்டேன். என் தகராறு எழுவாயைப் பற்றியது. உட்புகுவது யார்? நீர். ‘ஊடுருவுதிறன்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். ஊடுருவுவது யார்? அதுவும் நீரே. ஆனால் நீங்கள் அளப்பது கல்லின் குணம் என்கிறீர்கள். கல்லின் குணத்துக்கு நீரின் வினையைப் பெயராக வைக்கலாமா? இதைத் தொலைபேசியில் கேட்டபோது அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, “நீங்கள் ஒருநாள் நேரில் வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் ஐயா” என்றாள். சனிக்கிழமை போனேன்.

அவள் கையில் வைத்த கல் ஏமாற்றம் தருவதாக இருந்தது. பழுப்பு நிறத்தில், மெழுகுவத்தித் துண்டைப் போல ஓர் உருளை. விட்டம் 38 மில்லிமீட்டர், நீளம் 7.6 சென்டிமீட்டர். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் வெட்டியெடுக்கப்படும் பெரீயா மணற்கல் அது. உலகெங்கும் எண்ணெய்த் துறை ஆய்வுக்கூடங்களில் இதைத்தான் மாதிரிக் கல்லாகக் கொள்கிறார்களாம். (நம் ஊரில் கல்லுக்கா பஞ்சம் என்று எனக்குள் ஒரு மயிலாப்பூர்க் குரல் எழுந்தது. அதற்கும் விடை வைத்திருந்தாள், பிறகு சொல்கிறேன்.) அந்த உருளையில் ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடம். கணக்குப் போட்டால் 17 மில்லி. குழந்தைக்கு மருந்து புகட்டும் பாலாடை ஒன்றின் அளவு நீர் அந்தக் கல்லுக்குள் ஒளிந்துகொள்ளும்.

அளவை என்பது பம்பை முடுக்கி மானியைப் பார்ப்பது என்று எண்ணியிருந்தேன். முன்வேலைதான் முக்கால் பங்கு. எண்ணெய்க் கிணற்றிலிருந்து வந்த கல்லானால், டொலுவீன், மெத்தனால் போன்ற கரைப்பான்களைக் காய்ச்சி வடித்து, நாட்கணக்கில் அதன்மேல் சொட்டவிட்டுக் கழுவவேண்டும். பிறகு அடுப்பில் உலர்த்தவேண்டும். சூடு மிகுந்தால் கல்லிலுள்ள களிமண் தன் நீரையும் இழந்து உருமாறிவிடும். அடுத்து வெற்றிடப் பம்பினால் கல்லுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சியெடுத்துவிட்டு உப்புநீரை உள்ளே விடவேண்டும். ஒரு காற்றுக்குமிழி ஒரு புரையில் சிக்கிக்கொண்டால் போதும், அந்த வழி அடைபட்டதாகிவிடும். பிறகு கல்லை ரப்பர் உறைக்குள் செருகி, உறையை வெளியிலிருந்து அழுத்தத்தால் நெருக்கவேண்டும். நெருக்காவிட்டால் நீர் கல்லுக்குள் போகாமல் ஓரமாக வழிந்து மறுமுனைக்குப் போய்விடும். பாடத்தை விட்டுவிட்டுப் பொழிப்புரையின் ஓரமாகவே போய்த் தேர்வெழுதும் மாணவர்கள் எனக்கு நினைவுக்கு வந்தார்கள். அவளிடம் சொல்லவில்லை.

இத்தனைக்கும் பிறகு பம்பு. நிமிடத்துக்கு 2 மில்லி உப்புநீர் கல்லுக்குள் செல்கிறது. நுழையும் முனைக்கும் வெளியேறும் முனைக்கும் இடையே அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று மானி காட்டுகிறது. எண் நிலைத்து நிற்கும்வரை காத்திருக்கவேண்டும். நின்றது: 0.22 வளிமண்டலம். பாய்வு வீதத்தைப் பாகுநிலையாலும் நீளத்தாலும் பெருக்கி, குறுக்குப் பரப்பாலும் அழுத்த வேறுபாட்டாலும் வகுத்தால் கல்லின் குணம் வந்துவிடுகிறது: ஏறத்தாழ 100 மில்லிடார்சி. ஒரு பாய்வு வீதத்தோடு விட்டுவிடக் கூடாது. வீதத்தை மாற்றி மாற்றி நான்கைந்து முறை அளந்து, புள்ளிகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் அமர்ந்து, அந்தக் கோடு சுழியத்தின் வழியே சென்றால்தான் அவள் எண்ணை நோட்டில் ஏற்றுகிறாள்.

டார்சி என்பது ஓர் ஆளின் பெயர். ஆன்றி டார்சி, பிரான்சின் திஜோன் நகரத்துப் பொறியாளர். தம் ஊருக்குத் தொலைவிலிருந்த ஊற்றிலிருந்து குடிநீர் கொண்டுவந்தவர். வடிகட்டும் மணற்படுகை எவ்வளவு நீரை விடும் என்று அறிய, ஊர் மருத்துவமனையில் ஒரு நெடிய இரும்புக் குழாயை நிறுத்தி, அதில் மணலை நிரப்பி, நீரை விட்டு அளந்தார். 1856இல் திஜோனின் நீர் வழங்கலைப் பற்றி அவர் வெளியிட்ட பெரிய நூலின் பிற்சேர்க்கை ஒன்றில் அந்த விதி இருக்கிறது. இன்று நிலத்தடி நீர், எண்ணெய், எரிவாயு என்று எதைக் கணக்கிட்டாலும் அந்தப் பிற்சேர்க்கையில்தான் தொடங்கவேண்டும். நூல் வந்த இரண்டாண்டுக்குள், 1858 தொடக்கத்தில், அவர் இறந்துவிட்டார்.

மயிலாப்பூர்க்காரர்களுக்கு இந்தச் சோதனை புதிதன்று. காலையில் பித்தளை ஃபில்டரில் பொடியைப் போட்டு வெந்நீர் ஊற்றுகிற ஒவ்வொரு வீட்டிலும் அது நடக்கிறது. பொடி நைசாகிவிட்டால் டிகாக்‌ஷன் இறங்காது. அதிகம் அழுத்தினாலும் இறங்காது. பொடி கரகரப்பானால் மளமளவென்று இறங்கி, பழுப்பு வெந்நீராகிவிடும். எவ்வளவு பொடிக்கு எவ்வளவு அழுத்தம் என்பது என் அத்தைக்குக் கைக்கணக்காகத் தெரிந்திருந்தது.

ஆனால் டார்சியின் எண்ணில் மணலின் குணமும் நீரின் குணமும் கலந்துகிடந்தன. அதே மணலில் தேனை ஊற்றினால் எண் மாறிவிடும். 1930களில் எண்ணெய்த் துறையினர்தான் இரண்டையும் பிரித்தார்கள். நீர், எண்ணெய், எரிவாயு மூன்றும் ஒரே கல்லுக்குள் ஓடுகிற தொழில் அவர்களுடையது; கல்லுக்கு மட்டுமே உரிய எண் அவர்களுக்குத் தேவைப்பட்டது. சமன்பாட்டில் பாகுநிலையைக் கொண்டுவந்து பெருக்கியது அதற்காகத்தான்: திரவத்தின் பங்கை எண்ணிலிருந்து கழித்துவிடுவதற்கு. ஆய்வுக்கூடத்தில் குளிர்சாதனம் ஏன் நிற்கக் கூடாது என்பதும் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. 20 பாகை வெப்பத்திலிருந்து 30 பாகைக்குப் போனால் நீரின் பாகுநிலை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். சித்திரை வெயிலில் மின்சாரம் போய், அதைக் கவனிக்காமல் பழைய பாகுநிலையை வைத்துக் கணக்கிட்டால், கல் தான் செய்யாத வேலைக்கு நற்பெயர் வாங்கிக்கொள்ளும்.

நான் எழுந்து நின்றுவிட்டேன் என்று நினைக்கிறேன். “பார், நீங்களே நீரை எழுவாய் இடத்திலிருந்து இறக்குவதற்கு இத்தனை பாடுபடுகிறீர்கள். பெயரில் மட்டும் அதைத் தூக்கி உட்கார வைக்கிறாய்” என்றேன். கல் செய்கிற வினை புகுதல் அன்று, புகவிடுதல். ‘புகவிடுதிறன்’ என்று எழுதினால் எழுவாய் கல்லாகிவிடும். சொல் சற்று நீளம்தான். அவள் எழுதிக்கொண்டாள். பிறகு, வகுப்பில் சந்தேகம் கேட்கும் அதே முகத்தோடு, “இன்னொன்றையும் பார்த்துவிட்டுப் போங்கள் ஐயா” என்றாள்.

பம்பில் உப்புநீர்க் குடுவையைக் கழற்றிவிட்டு, வாலைநீர்க் குடுவையை மாட்டினாள். உப்பே இல்லாத, மிகத் தூய நீர். பாய்வு அதே 2 மில்லி. சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கல்லுக்குள் இருக்கும் 17 மில்லி உப்புநீர் வெளியேறவேண்டுமல்லவா? பிறகு மானி ஏறத் தொடங்கிற்று. 0.22 என்று மூன்று நாட்களாக அசையாமல் நின்றிருந்த எண் அரையைத் தாண்டி, ஒன்றைத் தாண்டி, நான் தேநீர் குடித்துவிட்டு வந்தபோது இரண்டரையில் இருந்தது. கல்லின் எண் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. மீண்டும் உப்புநீரை மாட்டினாள். எண் திரும்பி வரவில்லை.

மணற்கல்லின் புரைச் சுவர்களில் களிமண் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நீரில் உப்பு இருக்கும்வரை சுவரின் பிடி வலிது. உப்பு ஓர் அளவுக்குக் கீழே குறைந்தால் பிடி தளர்ந்து, துகள்கள் நீரோடு புறப்பட்டு, அடுத்த குறுகிய வாயில் போய் அடைத்துக்கொள்கின்றன. அந்த எல்லை அளவு ஒன்று உண்டு என்பதை 1980களில் இதே பெரீயா மணற்கல்லில் காட்டியவர்களுள் ஒருவர், பின்னாளில் மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த கார்த்திக் கிலார். மற்றவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஃபோக்லர். எண்ணெய்க் கிணறுகளில் எந்த நீரைச் செலுத்துவது என்பதில் இது பெரிய விஷயம். ஆகவேதான் கல்லை அளக்கும்போது அதன் இயல்பான நீரைப் போன்ற உப்புநீரையே பயன்படுத்துகிறார்கள். காற்றைச் செலுத்தி அளப்பது எளிது, களிமண் கலையாது. ஆனால் காற்று புரைச் சுவர்களில் வழுக்கிச் செல்வதால் எண் கூடுதலாக வரும். கிளிங்கன்பெர்க் 1941இல் அதற்கு ஒரு திருத்தம் சொன்னார். திரவத்தின் எண் வேண்டுமானால் திரவத்தைத்தான் விடவேண்டும். விட்டால் அந்தத் திரவம் கல்லையே மாற்றிவிடக்கூடும்.

“இப்போது எழுவாய் எது ஐயா?” என்றாள்.

விடை சொல்லாமல் நம் ஊர்க் கல்லைப் பற்றிக் கேட்டேன். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் கிடைக்கும் கருங்கல்லுக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜோப் சார்னோக்கின் கல்லறையில் இருப்பது இந்தச் சென்னைப் பக்கத்துக் கல் என்பதால் டி.எச். ஹாலண்ட் 1893இல் அப்படிப் பெயரிட்டார். அதில் ஓர் உருளையை அறுத்து இதே உறையில் வைத்தால், பம்பு முக்கிக்கொண்டே இருக்குமே தவிர மறுமுனையில் சொட்டு விழாது. அதை அளக்க வேறு முறை வேண்டும். கிண்டி, அடையாறு, வேளச்சேரிப் பக்கங்களில் வீட்டுக்கு அடியில் அதிக ஆழமில்லாமல் கிடப்பது இதுதான். கல் விடாது, கல்லில் விழுந்த விரிசல்தான் விடும். ஆழ்துளைக் கிணறு ஒரு வீட்டில் ஊறி அடுத்த வீட்டில் புழுதி கக்குவதன் காரணம் அது. பெசன்ட் நகர், திருவான்மியூர்க் கடலோரத்தில் நிலைமை நேர்மாறு. அங்கே மணல் கைவீசிக் கொடுக்கிறது. 1920களில் ஏரியைத் தூர்த்து எழுந்த தியாகராய நகரில் என்ன இருக்கும்? ஏரிப் படுகைகளில் படிவது நுண்ணிய களி. களிமண்ணின் புரைமை மணலை விடவும் அதிகமாகக்கூட இருக்கும். நீரை நிறைய வைத்துக்கொள்ளும், விடாது. புரைமையும் புகவிடுதலும் வேறுவேறு என்பதற்கு மழைக்காலத்து உஸ்மான் சாலையே உரை. வள்ளுவர் 396ஆம் குறளில் கல்விக்கு உவமை தேடியபோது கேணி என்று நிறுத்தாமல் மணற்கேணி என்றார். களிக்கேணி என்றிருந்தால் உவமை நின்றிருக்காது.

இந்தக் கேள்விகள் எனக்கு வந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. மந்தைவெளியில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் பின்புறம் ஒரு பழைய உறைகிணறு இருக்கிறது. 2003இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானபோது கூரை நீரை வாங்க அதன் பக்கத்தில் ஒரு குழி தோண்டி, செங்கல் ஜல்லியும் மணலும் நிரப்பினார்கள். 2019 கோடையில் கிணறு வற்றி, ஆறு வாரம் லாரித் தண்ணீரில் வாழ்ந்தோம். இப்போது கிணற்றை மூடிவிட்டு இரண்டு கார் நிறுத்தலாம் என்று சங்கத்தில் ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. “இந்த மண்ணுக்கு நீர் இறங்காது சார், பாருங்கள், குழியிலேயே நிற்கிறது” என்றார் செயலாளர். நியாயமான மனிதர்தான், நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

மறுவாரம் அவள் வந்தாள். ஒரு மர அளவுகோல், கைக்கடிகாரம், எட்டுக் குடம் தண்ணீர். குழியில் ஊற்றி, மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்தோம். ஒரு மணி நேரத்தில் இரண்டு விரற்கடை. பிறகு இரண்டு ஆட்களை வைத்து மேல்மணலை அள்ளினோம். ஒரு சாண் ஆழத்துக்குக் கூரைப் புழுதியும் மக்கிய இலையும் சேர்ந்து கறுப்புக் களியாகி, தோசைக்கல்லைப் போல மூடிக்கிடந்தது. மழை கொண்டுவந்து சேர்த்ததுதான். அதற்குக் கீழே ஜல்லி சுத்தமாக இருந்தது. அதற்கும் கீழே நல்ல மணல். புது மணல் போட்டு, மீண்டும் அதே எட்டுக் குடத்தை ஊற்றினோம். பதினைந்து நிமிடத்தில் அளவுகோலின் அடி தெரிந்தது. செயலாளர் கடிகாரத்தைத் தாமே கையில் வாங்கி, இன்னொரு முறை ஊற்றச் சொன்னார்.

தீர்மானம் கார்த்திகை வரைக்கும் ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. கையேடு அச்சுக்குப் போகிறது. ‘புகவிடுதிறன்’ என்ற சொல்லே இருக்கிறது. எண் எழுதும் அட்டவணையில் மட்டும், நான் கேட்காமலே, அவள் ஒரு நெடுவரிசை கூட்டியிருக்கிறாள்: எந்த நீர், எத்தனை உப்பு, கல் அதற்குமுன் எதைக் கண்டது.