பொங்கல் ஆஃபர்

எதிர்தரப்பின் பதிலுரையில் ஒரு பத்தி இருந்தது. புகார்தாரர் எழுபதாயிரம் ரூபாய் தள்ளுபடி வாங்கியிருக்கிறார். புது வண்டிக்கு யாரும் அவ்வளவு தள்ளித் தரமாட்டார்கள். ஆகவே அது டெமோ வண்டி என்று தெரிந்தேதான் அவர் வாங்கினார். 2023-ல் கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நான் நடத்திய அந்த வழக்குக்கு இந்தப் பத்திதான் அச்சாணி. யார் பெயரையும் எந்த நிறுவனத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. சமரசத்தில் அப்படித்தான் ஒப்புக்கொண்டோம்.

கட்சிக்காரருக்கு நெல்லிக்குப்பத்தை ஒட்டிய கிராமம். 1842-ல் பாரி கம்பெனி தொடங்கிய சர்க்கரை ஆலை இருக்கும் ஊர் அது. அந்தப் பக்கத்து விவசாயிக்குப் பணம் என்றால் டன் கணக்குதான். 2022-23 பருவத்தில் மத்திய அரசு அறிவித்த விலை, பிழிதிறன் ஒன்பதரை சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் டன்னுக்கு 2,821 ரூபாய் 25 காசு. மஞ்சக்குப்பத்தில் என் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்ததும், “எழுபதாயிரம் கொறச்சேன் வக்கீல் சார், இருபத்தஞ்சு டன் கரும்பு” என்றுதான் ஆரம்பித்தார். ஏமாந்துவிட்டோம் என்ற கோபத்தைவிட, சாமர்த்தியமாகப் பேரம் பேசியும் இப்படி ஆகிவிட்டதே என்ற ரோஷம்தான் அவர் முகத்தில் தெரிந்தது.

எஸ்யூவி. ஷோரூம் விலை 13,60,000. சென்னையில் விலை இன்னும் குறையும் என்று அக்கா மகன் சொல்ல, பொங்கல் கழிந்த மூன்றாம் நாள், 2023 ஜனவரி 18 அன்று, அங்கே ஒரு ஷோரூமில் எடுத்திருக்கிறார். கிலோமீட்டர் 1,640 காட்டியிருக்கிறது. கேட்டும் இருக்கிறார். “ஸ்டாக் யார்டுக்கும் ஷோரூமுக்கும் போய்வந்தது சார், புது வண்டிதான்” என்று சேல்ஸ் பையன் சொல்லியிருக்கிறான். தொழிற்சாலையிலிருந்து டீலர் வாசல்வரை கார்கள் டிரெய்லரில் ஏறி வருகின்றன. யார்டிலிருந்து ஷோரூமுக்கு ஓட்டிவந்தாலும் சில பத்து கிலோமீட்டர்தான் ஏறும். ஆலை எடை மேடையில் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மனுஷர் இவர். ஷோரூமில் ஏ.சி. குளிரில் வரிசையாக நீட்டிய காகிதங்களில் மளமளவென்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அதில் ஒன்று டெலிவரி நோட்டு. வண்டியைச் சோதித்துத் திருப்தியோடு பெற்றுக்கொண்டேன் என்று அதில் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது.

விஷயம் வெளியே வந்தது கடலூர் சர்வீஸ் சென்டரில். முதல் இலவச சர்வீஸுக்கு விட்டபோது, அங்கிருந்தவர் சேசிஸ் எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்திருக்கிறார். முதல் சர்வீஸ் ஏற்கனவே முடிந்துவிட்டதாகக் காட்டியது. வாரண்டி ஆரம்பித்த தேதி 2022 ஜூன் 22. வண்டி இவர் கைக்கு வருவதற்குக் கிட்டத்தட்ட ஏழு மாதம் முன்பே வாரண்டி ஓட ஆரம்பித்துவிட்டது.

ஆர்.சி.யில் இதற்குத் தடயமே இல்லை. டெமோ வண்டியை டீலர் தன் பெயரில் பதிந்திருந்தால், வாங்குகிறவர் இரண்டாவது உரிமையாளர் என்று ஆர்.சி.யே காட்டிக்கொடுக்கும். இந்த டீலர் பதியவில்லை. டிரேட் சர்டிபிகேட்டில், சிவப்பு நம்பர் பிளேட்டோடு ஓட்டியிருக்கிறார்கள். வாங்க நினைப்பவருக்கு ஓட்டிக் காட்டுவதற்கு மோட்டார் வாகன விதிகள் அதை அனுமதிக்கின்றன, அதனால் அந்தப் பக்கம் குறை சொல்ல வழியில்லை. ஆர்.சி. பார்த்தால் என் கட்சிக்காரர்தான் முதல் உரிமையாளர். உற்பத்தி மாதம் 2022 மே என்று இருந்தது. போன வருட ஸ்டாக் என்பதற்கு அது சாட்சி, டெமோ என்பதற்கு அல்ல.

கட்சிக்காரர்களிடம் சட்டத்தை விளக்குவது சில நேரம் அவர்களுக்கு எதிராகப் பேசுவதுபோல ஆகிவிடும். “நியாயமான விலை எதுன்னு கோர்ட்டு சொல்லட்டும்” என்றார் இவர். கோர்ட் அதைச் சொல்லாது என்றேன். சந்தையில் தெரிந்தே அதிக விலை கொடுத்து வாங்கியவனுக்கு நுகர்வோர் சட்டத்தில் பரிகாரம் இல்லை. பேரத்தில் தோற்றது வழக்காகாது, பேரம் பேசும்போது ஒன்றை மறைத்ததுதான் வழக்கு. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2(47)-ல், பழைய அல்லது பயன்படுத்திய பொருளைப் புதிது என்று காட்டுவதை நேர்மையற்ற வணிகம் என்று சொல்கிறது. அதை நிரூபித்தால்தான் விலையைப் பற்றிப் பேச முடியும்.

சென்னைக்கு அலைய வேண்டுமா என்பது அவருடைய அடுத்த கவலை. பழைய 1986 சட்டமாக இருந்தால் அலைய வேண்டியிருந்திருக்கும். புதிய சட்டத்தின் 34-வது பிரிவு, புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போட விடுகிறது. கொடுத்த தொகை பத்து லட்சத்துக்கு மேல், இருபதுக்குள் என்பதால் கட்டணம் 400 ரூபாய். “நானூறா?” என்று இரண்டு தடவை கேட்டார். என் ஃபீஸைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றேன்.

யார் யாரை எதிர்தரப்பாகச் சேர்ப்பது என்பதில்தான் கொஞ்சம் யோசனை தேவைப்பட்டது. கோவாவில் 2009-ல் தயாரான காரை 2011 மாடல் என்று விற்ற வழக்கு ஒன்று உண்டு. அந்தக் கார் ஏற்கனவே 622 கிலோமீட்டர் ஓடியிருந்தது. டாடா மோட்டார்ஸ் உச்ச நீதிமன்றம்வரை போனது. டீலரும் தயாரிப்பாளரும் தனித்தனி வணிகர்கள், டீலர் செய்த தவறு தயாரிப்பாளருக்குத் தெரிந்திருந்தது என்று காட்டாமல் அவர்கள் தலையில் கட்ட முடியாது என்று 2021 பிப்ரவரியில் தீர்ப்பானது. அதைப் படித்துவிட்டுத் தயாரிப்பாளரை விட்டுவிடுகிற வழக்கறிஞர்கள் உண்டு. நான் விடவில்லை. இரண்டாம் எதிர்தரப்பாகச் சேர்த்தேன். அவர்களிடம் ஒரு பைசா கேட்கவில்லை. இந்தச் சேசிஸ் எண்ணுக்கான விற்பனை, சர்வீஸ் ஆவணங்களைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று மட்டும் கேட்டேன். எரிகிற வீட்டிலிருந்து முதலில் வெளியே குதிக்கிறவன் கதவைத் திறந்துவிட்டுத்தான் போவான் என்பது என் கணக்கு.

கணக்கு தப்பவில்லை. டீலர் முதல் பதிலுரையை நாற்பத்தைந்து நாள் கெடு முடியும் தறுவாயில் போட்டார். 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அந்தக் கெடுவைத் தாண்டவே கூடாது என்று சொல்லிவிட்டதால், இப்போது எல்லோரும் கடைசி நாட்களில் ஓடி வருகிறார்கள். அந்தப் பதிலுரையில் டெமோ என்ற பேச்சே இல்லை, புது வண்டி என்று சாதித்திருந்தார்கள். தயாரிப்பாளர் நிறுவனமோ கோவா தீர்ப்பைக் காட்டி, தங்களுக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டு, கூடவே ஒரு இன்வாய்ஸ் நகலையும் இணைத்தது. அந்த வண்டி டெமோ திட்டத்தின் கீழ், டெமோவுக்கென்று ஒரு சலுகையோடு, டீலருக்குக் கொடுக்கப்பட்டது. அதாவது டீலர் வாங்கும்போதே விலை குறைத்து வாங்கியிருக்கிறார்.

அதற்குப் பிறகுதான் டீலரின் கூடுதல் பதிலுரையில் நான் முதலில் சொன்ன அந்தப் பத்தி வந்தது. டெமோதான், ஆனால் அவருக்குத் தெரியும், தள்ளுபடியே அதற்குச் சாட்சி.

வாதம் லேசானதல்ல. சாதாரணமாக யோசித்தால் நியாயம்போலவே படும். இரண்டு காகிதங்கள் காப்பாற்றின. ஒன்று, டீலரின் சொந்த இன்வாய்ஸ். எழுபதாயிரத்தைக் கழித்த வரியில் ‘பொங்கல் ஆஃபர்’ என்றிருந்தது. டெமோவுக்காகக் குறைத்திருந்தால் அப்படி எழுதியிருப்பார்கள். படிவம் 21, அதாவது விற்பனைச் சான்றிதழிலும் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. இரண்டாவது, அக்கா மகனின் வாட்ஸ்அப். அதே வாரத்தில் வேறொரு ஷோரூம், அதே வேரியண்ட் புது வண்டிக்கு நாற்பத்தைந்தாயிரம் தள்ளுபடி தருவதாக அனுப்பியிருந்தது. சாட்சியச் சட்டம் 65பி சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்தேன். பண்டிகைக்கு எல்லோருக்கும் கிடைக்கிற நாற்பத்தைந்தாயிரத்தைக் கழித்தால், டெமோ என்பதற்காக இவருக்குக் கிடைத்தது வெறும் இருபத்தைந்தாயிரம். ஏழு மாதம் ஊர்பட்டவர்கள் கிளட்சை மிதித்துப் பழகிய வண்டிக்கு, தெரிந்தே ஒருவர் அந்த விலைக்கு ஒத்துக்கொள்வாரா என்று கேட்டேன். ஆணையத் தலைவர் டீலரின் வழக்கறிஞரைப் பார்த்தார். பேசி முடிக்க வாய்ப்பு இருக்கிறதா என்றார். இரு தரப்பும் எழுத்தில் சம்மதம் கொடுக்க, 37-வது பிரிவின்படி விஷயம் சமரசத்துக்குப் போனது.

டெமோ வண்டி என்றால் ஆகாதது என்று நினைக்க வேண்டாம். டெமோ என்று சொல்லி, அதற்கேற்ற விலை போட்டு, வாரண்டி தேதியைத் திறந்து காட்டினால், நானே வாங்குவேன். தவணை தவறாமல் சர்வீஸ் ஆகியிருக்கும், பெரும்பாலும் மேல் வேரியண்டாக இருக்கும். எல்லாம் அந்த விலையில்தான் இருக்கிறது. அந்த விலை என்ன என்று எதை வைத்து அளப்பது?

சமரசத்துக்கு என்னிடம் ஒரு அளவுகோல் இருந்தது. மோட்டார் காப்பீட்டில் வண்டியின் மதிப்பைக் கணக்கிட ஒரு தேய்மான அட்டவணை உண்டு. ஆறு மாதத்துக்குள் ஐந்து சதவீதம். ஆறு மாதம் தாண்டி ஒரு வருடத்துக்குள் பதினைந்து. இரண்டாம் வருடம் இருபது. எந்த டீலரும் இதை ஒதுக்க முடியாது, அவர்களே காப்பீடு விற்கிறார்கள். ஜூன் 22-லிருந்து ஜனவரி 18 வரை ஆறு மாதம் 27 நாள். ஆகவே பதினைந்து சதவீதம், 2,04,000. கொடுத்தது எழுபது போக பாக்கி 1,34,000.

டீலரின் வழக்கறிஞர் கெட்டிக்காரர். அந்த அட்டவணை காப்பீட்டுக்கானது, வயது பதிவுத் தேதியிலிருந்துதான் என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார்: ஐந்து சதவீதம் போட்டால் 68,000தான் வருகிறது, நாங்கள் ஏற்கனவே எழுபது கொடுத்துவிட்டோம். சிரித்துவிட்டேன். டிசம்பர் 22-க்கு முன்பே வண்டி எடுத்திருந்தால், அந்தக் கணக்குப்படி என் கையில் ஒன்றுமே இருந்திருக்காது. “பில் பணம் கைக்கு வந்ததே பொங்கல் சமயத்துலதான்” என்றார் கட்சிக்காரர், பக்கத்தில் உட்கார்ந்தபடி. வயது விஷயத்தில் நான் வாரண்டித் தேதியைப் பிடித்துக்கொண்டேன். ஜூனிலேயே வண்டி உபயோகத்துக்கு வந்துவிட்டது என்று தயாரிப்பாளருக்குத் தெரிவித்தது நீங்கள்தானே, அதை இப்போது எப்படி மாற்றுவீர்கள்?

இழுபறி ஓடியது. கடைசியில் 1,05,000 ரூபாயும், டீலர் செலவில் இரண்டு வருட நீட்டிப்பு வாரண்டியும் என்று முடிந்தது. வழக்கை நடத்தி ஜெயித்திருந்தால் இன்னும் கொஞ்சம் கிடைத்திருக்கலாம். ஆனால் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு, பிறகு பணத்தை வாங்க 71-வது பிரிவில் நிறைவேற்று மனு என்று அலைச்சல் நீளும். இதற்கு ஒத்துக்கொள்ளச் சொன்னவன் நான்தான். அவர் மனதுக்குள் டன் கணக்குப் போட்டுவிட்டுத் தலையாட்டினார்.

ஒப்பந்தம் எழுதும்போது ஒரு சிக்கல். ‘நல்லெண்ண அடிப்படையில்’ தருவதாக எழுத வேண்டும், டெமோ என்று வரக்கூடாது என்றார்கள். இவர் மசியவில்லை. 22.6.2022 முதல் இந்த வண்டி டெமோவாக ஓட்டப்பட்டது என்று எழுதினால்தான் கையெழுத்து என்றார். சமரசகர் இரண்டையும் சேர்த்து எழுதவைத்தார்.

பேனாவைக் கையில் வாங்கியவர் நிமிர்ந்து, “சார், நாளைக்கு நான் இத விக்கும்போது இதச் சொல்லணுமா?” என்று கேட்டார்.

சொல்லித்தான் ஆக வேண்டும் என்றேன்.

“அப்ப அதுக்குக் கொறையற வெலையையும் சேத்துக் கேட்டிருக்கலாமே!”

அந்தப் பதினைந்து சதவீதத்தில் அதுவும் அடக்கம் என்று விளக்கினேன். நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டார், இந்த முறை ஒவ்வொரு பக்கத்தையும் படித்துவிட்டு.