தொகையும் தீர்ப்பும்

சங்கப் பாடல்களைத் தொகுத்தோரிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. குறுந்தொகைக்கு அடியளவு; அகநானூற்றில் ஒற்றைப்படை எண்கள் யாவும் பாலை. பாடியவர் பெயர் தெரிந்தவரை அதையும் குறித்து வைத்தார்கள். திரைப்பாடல்களைத் தொகுத்து விற்ற நிறுவனங்களின் ஒழுங்கு வேறு. காதல், சோகம், தத்துவம் என்று வகுத்தார்கள். இல்லையேல் நடிகர் பெயரால், பாடகர் பெயரால் வகுத்தார்கள்.

இந்த வகுப்பு முறையில் மிகுதியும் இழந்தவர்கள் விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் என்பதே நம் எண்ணம். 1952இல் 'பணம்' முதல் 1965இல் 'ஆயிரத்தில் ஒருவன்' வரை இருவர் பெயரும் இணைந்தே வந்தன. 1964ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். 'காதலிக்க நேரமில்லை'யில் மேற்கத்தியத் துள்ளல். 'கர்ண'னில் இந்துஸ்தானி ராகங்கள். 'புதிய பறவை'யில் பெரும் வாத்தியக் குழு. மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டாலன்றி அந்த வீச்சு புலப்படாது. உணர்ச்சி வாரியான தொகுப்போ அவற்றை மூன்று திசைகளில் சிதறடித்துவிடும்.

இராசபாளையத்தில் நூற்பாலைத் தொழிலாளியாக இருந்த எம் தந்தையார், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பாட்டுப் பதிவு செய்யும் கடையில் ஓர் அறுபது நிமிட ஒலிநாடா பதிந்து வாங்கினார். பதினான்கு பாடல்கள், ஆண்டு வரிசையில். உறையின் உட்புறம் நீல மையில் படமும் ஆண்டும் இசையமைத்தோர் பெயரும். நாடா நைந்துவிட்டது, அவரும் இல்லை, உறை மட்டும் நம்மிடம் இருக்கிறது.

சென்ற மார்கழியில் செண்பகத்தோப்பு செல்லும் வழியில், மாந்தோப்பொன்றின் ஓரமாக வண்டியை நிறுத்தி, அந்த வரிசைப்படியே கைப்பேசியில் பாடல்களைத் தேடி, ஒலியைத் தாழ்த்தி வைத்து, நண்பர் இருவருடன் கேட்டோம். மேற்கே மலை கருத்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டாம் பாடலோடு இணைப்பெயர் முடிகிறது. பதின்மூன்றாவது விஸ்வநாதன் தனித்து அமைத்தது. இறுதிப் பாடல் 1966இல் வந்த 'மறக்க முடியுமா'விலிருந்து. ராமமூர்த்தி தனித்து அமைத்தது.

நண்பர்கள் பேசவில்லை. பிரிவுக்குப் பின் ஒருவர் புகழ் பெருகியதையும் மற்றவர் பெயர் மங்கியதையும் யாவரும் அறிவர். 1995இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்காக இருவரும் மீண்டும் இணைந்தும் அந்த நிலை மாறவில்லை. ஆயினும் தந்தையாரின் பட்டியலில் இருவருக்கும் ஆளுக்கொரு பாடல். கடைசிச் சொல் மங்கியவருக்கு.

ராமமூர்த்தி 2013இலும் விஸ்வநாதன் 2015இலும் மறைந்தனர். தொகுப்பது என்பது பிடித்ததை அடுக்குவதன்று, பங்கு பிரித்துக் கொடுப்பது. பள்ளிப் படிப்பு முடிக்காத ஒரு மனிதர் அதைச் சரியாகவே செய்திருந்தார்.