பொறுப்பில் பிறக்கும் பரிவு

‘அடங்காப் பிள்ளை’ என்று ஒரு மாணவனுக்குப் பெயர் சூட்டிவிடுதல் எளிது. அப்பெயரைக் கேட்டே வளர்பவன் பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக உணரக் கற்பது எங்ஙனம்? அறிவுரையால் மட்டும் அது கைகூடாது என்பதை ஆசிரியப் பணி எனக்கு உணர்த்தியுள்ளது. ஓயாது அறிவுரை கேட்பவன் தன்னைக் காத்துக்கொள்வதிலேயே கருத்தாயிருப்பான்.

என் ராத்தாவின் மகன் தந்தையை இழந்தபோது அவனுக்கு வயது 14. பள்ளியில் அடிதடி, வீட்டில் எவரோடும் பேச்சில்லை. பெரியவர்கள் கூறிய புத்திமதிகளுக்குக் கணக்கில்லை. தெருப் பள்ளிவாசல் மக்தபில் ஓதிக்கொடுத்த உஸ்தாத் மட்டும், புதிதாகச் சேர்ந்த சிறுவர் நால்வரை அவனிடம் ஒப்படைத்தார். அவர்களை வீட்டிலிருந்து அழைத்து வருவதும், ஓதிய பாடத்தைக் கேட்பதும் அவன் பொறுப்பாயின. ஒருநாள் என்னிடம் வந்தான். “அந்தச் சின்னவனின் வாப்பா சவுதிக்குப் போய்விட்டாராம் மாமா. அழுதுகொண்டே இருக்கிறான். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்” என்றான். பல மாதங்களுக்குப்பின் அவன் தானாக என்னிடம் பேசிய முதற்பேச்சு அது.

உஸ்தாத் பட்டறிவால் செய்ததை அமெரிக்காவில் ஒரு திட்டமாகவே வகுத்தனர். டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரில் 1984ஆம் ஆண்டு தொடங்கிய அத்திட்டத்தில், படிப்பை இடையில் விட்டுவிடுவர் என அஞ்சப்பட்ட மாணவரே தொடக்கப்பள்ளிச் சிறுவர்க்குப் பயிற்றுநராயினர். அதற்கு ஊதியமும் பெற்றனர். 1992இல் வெளியான மதிப்பீட்டின்படி, ஈராண்டுகளுக்குப்பின் அவர்களுள் இடைநின்றோர் நூற்றுக்கு 1. ஒப்பிடப்பட்ட ஏனைய மாணவருள் நூற்றுக்கு 12.

இடைநிற்றல் வேறு, பரிவு வேறு எனச் சிலர் வினவலாம். தன்னை நம்பி ஒருவர் காத்திருக்கிறார் என்னும் உணர்வே, பள்ளிக்கு வரச் செய்வதற்கும் பிறருக்காக வருந்தச் செய்வதற்கும் வேர் என்பது என் துணிபு.

ஆயினும், பெரியவனைத் திருத்தும் கருவியாகச் சிறுவரைக் கருதிவிடலாகாது. அவர்தம் பாதுகாப்பே முதன்மையானது. ஆசிரியர் ஒருவர் எப்போதும் அருகிருத்தல் வேண்டும். உஸ்தாத் அவ்வாறே இருந்தார்.

நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர், அருகிலுள்ள தொடக்கப்பள்ளியில் வாரம் இருமுறை சிறுவர்க்குப் படித்துக்காட்டலாம். நிர்வாகப் பெருமக்களும் பேராசிரியர்களும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதற்கான பெயர்ப்பட்டியலில், வகுப்புக்கு வெளியே அடிக்கடி நிறுத்தப்படுபவனையும் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.