என் தோழிக்கு எந்த ஊர்?

‘அகதி’ என்னும் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் ‘கதியற்றவர்’ என்று பொருள் வரும். ஒன்பதாம் வகுப்பில் என் அருகே வந்து அமர்ந்த தோழியை ஒருத்தி அந்தச் சொல்லால் சுட்டியபோது எனக்கு அது பொருந்தவே இல்லை. எண்ணெய் தேய்த்துப் படிய வாரிய இரட்டைச் சடை. கணக்கில் எங்கள் எல்லாரையும் முந்தும் அறிவு. ‘பேசுவோம்’ என்பதை அவள் ‘கதைப்பம்’ என்பாள். ‘ஆமாம்’ என்பதற்கு ‘ஓம்’ என்பாள். இவளா கதியற்றவள்?

அவளுடைய தாய் 1990-ஆம் ஆண்டு, ஐந்து வயதுச் சிறுமியாக, மன்னாரிலிருந்து படகேறி இராமேசுவரம் வந்து சேர்ந்தவர். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இவ்வாறு உயிருக்கு அஞ்சிக் கடல் கடந்து வந்தோர் இலட்சக்கணக்கானோர். மண்டபம் முகாமில் அவர்களைப் பதிவு செய்து, பல மாவட்டங்களுக்கும் பிரித்து அனுப்பினர். நம் மாவட்டத்தில் எட்டயபுரத்தை அடுத்த தாப்பாத்தியிலும், நகரையொட்டிய தாளமுத்து நகரிலும் அவர்களுக்கு முகாம்கள் உண்டு. என் தோழியோ முகாமிலேயே பிறந்தவள். இலங்கையை அவள் கண்ணால் கண்டதில்லை.

தூத்துக்குடிக்காரர்களாகிய நமக்கு இலங்கை அந்நிய நாடு அன்று. மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்கள் இரு கரைகளிலும் உள்ளன. நம் முன்னோர் சிலாவத்துறை வரை சென்று முத்துக் குளித்தனர். நம் கரையில் 1961-ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்று போயிற்று. ஆனால் தோணிகள் நிற்கவில்லை. என் தாத்தா தோணியில் தண்டலாக இருந்தவர். வெங்காயமும் ஓடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய் வந்த கதைகளை இன்றும் சொல்வார். என் தோழியை முதன்முதலாக வீட்டுக்கு அழைத்துச் சென்ற அன்று அவர் கூறினார்: “அந்தக் கரையில எறங்குனா, யாரு எவருன்னு கேக்காம எங்களுக்குச் சோறு போட்டாங்கம்மா. அந்தக் கடன் இன்னும் தீரல.”

அன்று முதல் ஞாயிறுதோறும் அவள் எங்கள் வீட்டில் படிக்கலானாள். முகாமில் ஓர் அறைக்குள் ஐந்து பேர் வாழும்போது புத்தகத்தை எங்கே விரிப்பது? அவள் எனக்குக் கணக்குச் சொல்லித் தருவாள். நான் அவளுக்கு ஆங்கிலம். ஒருநாள் அவள் தாயும் வந்தார். எங்கள் அம்மா பாசிப்பருப்பும் காய்கறியும் சேர்த்துச் சொதி வைத்திருந்தார்கள். “எங்கட ஊரிலயும் சொதி இருக்குது அக்கா, ஆனால் பருப்புப் போடமாட்டம்” என்று அவர் சிரித்தார். அடுத்த வாரம் அவர்கள் வீட்டுச் சொதியும் இடியாப்பமும் எங்கள் வீட்டுக்கு வந்தன. உதவி என்பது ஒருவழிப் பாதை அன்று என்பதை அந்தத் தூக்குவாளி எனக்குக் கற்பித்தது.

முகாம் மக்கள் பிறர் கையை மட்டும் எதிர்பார்த்து இருந்தவர்களும் அல்லர். 1984-இல் திரு. சந்திரகாசன் அவர்கள் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், அகதிகளே அகதிகளுக்காக நடத்தி வரும் அமைப்பு. படித்த இளைஞர்கள் முகாம்களில் மாலை வகுப்பு நடத்திச் சிறுவர்களைக் கரையேற்றினர். 2021-ஆம் ஆண்டு தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தரவும் முன்வந்தது.

ஆயினும் வீட்டினும் பெரிய தேவை ஒன்று உண்டு. சென்ற ஆண்டு ஒரு விண்ணப்பத்தை இருவரும் சேர்ந்து நிரப்பினோம். ‘குடியுரிமை’ என்ற கட்டத்தில் நான் ‘இந்தியா’ என்று எழுதினேன். அவளோ பேனாவை மூடி வைத்துவிட்டாள். 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவருக்குப் பிறப்பே குடியுரிமை தந்தது. அதன்பின் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருத்தல் வேண்டும் என்றாயிற்று. 2004-இல் சட்டம் மேலும் இறுகியது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்மணி, நீதிமன்றம் சென்று இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்று, 2024 தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தார். அந்தச் செய்தியை வாசித்துக் காட்டியபோது என் தோழி, “நான் பிந்திப் பிறந்திட்டன்” என்று மட்டும் சொன்னாள். அரசுப் பள்ளியில் கணித ஆசிரியை ஆக வேண்டும் என்பது அவள் கனவு. குடியுரிமை இல்லாமல் அது கைகூடாது.

அன்புத் தோழியரே! சட்டத்தை மாற்றும் வல்லமை மாணவியராகிய நமக்கு இல்லை. ஆனால் முகாமில் கணக்கெடுப்பு நாளன்று வர இயலாதவளுக்குப் பாடக்குறிப்பை எழுதி வைக்க நம்மால் முடியும். அவள் பேச்சைக் கேலி செய்யாதிருக்க முடியும். அவளைப் பெயர் சொல்லி அழைக்க முடியும். திருக்குடும்பமும் ஒரு காலத்தில் இரவோடு இரவாக எகிப்துக்கு ஓடிய குடும்பமே அன்றோ? இன்னும் சில ஆண்டுகளில் நமக்கெல்லாம் வாக்குரிமை வந்துவிடும். அன்று நம்மிடம் வாக்குக் கேட்டு வருவோரிடம், “என் தோழிக்கு எந்த ஊர்?” என்று நாம் கேட்போம். நான் நிச்சயம் கேட்பேன்.