சான்று தேவை

சில ஆண்டுகளுக்கு முன், ரமலான் மாதத்து இரவொன்றில் தராவீஹ் தொழுகை முடித்து இல்லம் திரும்பிய நாம், உறக்கம் வாராமையால் கணிப்பொறியின் முன் அமர்ந்தோம். தமிழ் விக்கிப்பீடியாவில் காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிபு அவர்களைப் பற்றிய கட்டுரையில் முதல்நாள் நாம் எழுதிச் சேர்த்த பத்தி எவ்வாறு உள்ளது எனக் காணும் ஆவலே காரணம். பத்தி இருந்தது, ஆயின் அதில் நாம் பெய்திருந்த அடைமொழிகளில் ஒன்றுகூட இல்லை. 'கண்ணியத்தின் திருவுருவம்', 'சமுதாயத்தின் கலங்கரை விளக்கம்' முதலாய ஐந்து தொடர்களும் களையெடுக்கப்பட்டிருந்தன. எஞ்சிய ஒரு வாக்கியத்தின் தலையில் மட்டும் 'சான்று தேவை' என்னும் இரு சொற்கள் பகைவர் நட்ட கொடிபோல் நின்றன.

நமக்குச் சினம் மூண்டது. சமுதாயத்தின்மீது காழ்ப்புக் கொண்டவர் எவரோ செய்த வேலை இது என்றே உள்ளம் முடிவு கட்டிற்று. அக்களஞ்சியத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னே உரையாடலுக்கென ஒரு பக்கம் உண்டு. அதில் மூன்று பத்திகள் எழுதிக் குவித்தோம். 'இருபதாண்டுக் காலம் தமிழ் பயிற்றும் எம்மிடமா சான்று கேட்பது?' என்னும் தொனி அதில் இருந்ததை இன்று மறைப்பதற்கில்லை. சஹர் வேளைக்கு எழுந்தபோது மறுமொழி வந்திருந்தது. ஒரே வரி. "ஐயா, புகழுரையை நீக்கினேன், செய்தி எதனையும் நீக்கவில்லை."

யார் எப்பொழுது எதனைத் திருத்தினார் என்பது அங்கு ஒளிவின்றிப் பதிவாகும். அந்த இளைஞரின் திருத்தங்களைக் குற்றங்காணும் நோக்குடனேயே ஆராய்ந்தோம். அதே இரவில் அவர் மாறுபட்ட இரு கட்சிகளின் தலைவர்களுக்குச் சூட்டப்பட்ட மாலைகளையும், ஒரு திரைப்படக் கவிஞரின் மகுடத்தையும் இறக்கியிருந்தார். எல்லார்க்கும் ஒரே கத்தரிக்கோல்! பின்னர் நம் பத்தியை மீண்டும் படித்தோம். அதில் அப்பெருந்தகை பிறந்த ஆண்டில்லை. எத்தொகுதியில் நின்றார் என்பதில்லை. அடைமொழிகளை அகற்றியபின் எஞ்சியது ஒன்றரை வாக்கியம்.

அடுத்த சில வாரங்கள் நூலகமே கதி எனக் கிடந்தோம். 1896 ஜூன் 5இல் திருநெல்வேலியில் பிறப்பு; 1946 முதல் 1952 வரை சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைமை; 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதியில் வெற்றி; 1972 ஏப்ரல் 5இல் மறைவு. தமிழகத்தில் பிறந்த ஒருவரை மலையாள மண் மும்முறை தன் உறுப்பினராக மக்களவைக்கு அனுப்பியது என்ற ஒரு செய்தி, நம் ஐந்து அடைமொழிகளையும் விஞ்சி நிற்பதை உணர்ந்தோம். 1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபையில் நிகழ்ந்த ஆட்சிமொழி விவாதத்தில் அவர் தமிழின் தொன்மையை எடுத்துரைத்ததை அச்சிட்ட அவை நடவடிக்கைத் தொகுதியிலேயே கண்டபோது, பள்ளிப் பருவத்தில் மீலாது மேடைகளில் கேட்டது நினைவுக்கு வந்தது. ஆயின் மேடைதோறும் அவர் வாயில் வைத்துப் பேசப்பட்ட வாசகங்கள் வேறு, அச்சிலுள்ளவை வேறு. அம்மேடை வாசகங்களை வகுப்பறையில் நாமும் பலமுறை முழங்கியிருக்கிறோம் என்பதை நினைத்து நாணினோம்.

நம்மைப் போன்றோர்க்கு ஓர் ஆறுதல் உண்டு. அங்கே திருத்துவதற்கு அழுத்தும் பொத்தானில் 'தொகு' என்றே எழுதியிருக்கும். எட்டுத்தொகையைப் பயிற்றுவோர்க்கு அச்சொல் அயலன்று. ஆ. சிங்காரவேலு முதலியார் ஒரு தனியராய் ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தொகுத்த அபிதான சிந்தாமணி 1910இல் மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் வழி வெளிவந்தது. பெரியசாமித் தூரன் அவர்களை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவோ ஊதியம் பெறாத பல்லாயிரம் கைகளின் தொகுப்பு. 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. அதில் எழுதுவோருள் யார் பேராசிரியர், யார் மாணாக்கர் என ஒருவரும் கேட்பதில்லை. நமக்கு அது தொடக்கத்தில் கசந்தது என்பதே உண்மை.

பின்னர் நாகூர்ச் சித்தி ஜுனைதா பேகம் அவர்களின் கட்டுரையில் கை வைத்தோம். மூன்றாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றுபோன அம்மையார், 1938இல் 'காதலா கடமையா' என்னும் புதினத்தை வெளியிட்டார், உ.வே. சாமிநாதையர் அதனைப் பாராட்டி எழுதினார். இவரைக் குறித்து எழுதுகையில் 'முதல்' என்னும் சொல் தானாகவே பேனா முனைக்கு வந்து நிற்கும். இம்முறை நாமே அதனைத் தடுத்து, பிறர் எழுதிய கட்டுரையொன்றைத் தேடிப் பிடித்த பின்னரே விடுத்தோம்.

இதுவரை சொன்னவை எளியன. நம்மை உறுத்துவது வேறொன்று.

நம் ஊரில் ஒரு புலவர் வாழ்ந்தார். நம் வாப்பாவுக்கு ஓதவும் எழுதவும் கற்பித்தவர் அவரே. அவர் பாடிய முனாஜாத்துகளை உம்மாமார் தாலாட்டாகவே பாடுவர். பெயர் ஈண்டு வேண்டா. காரணம் பின்னே விளங்கும். அவரைப் பற்றித் தனிக்கட்டுரை ஒன்று தொடங்கினோம். இரண்டு வாரத்தில் வினா எழுந்தது: இவரைப் பற்றி எவரேனும் எழுதியதுண்டா? நம் மாணவர் நால்வரை அழைத்துக்கொண்டு வீடுவீடாகச் சென்றோம். பழைய மதரஸா அலமாரி ஒன்றில், கறையான் விட்டுவைத்த இருபத்துநான்கு பக்கச் சிறுநூல் கிடைத்தது. ஆண்டு அச்சிட்ட பகுதி அரிபட்டிருந்தது. அதுவும் அவர் எழுதியதேயன்றி, அவரைப் பற்றிப் பிறர் எழுதியதன்று. நினைவு சான்றாகாது. கலைக்களஞ்சியம், பிறர் ஆய்ந்து எழுதியதைத் தொகுக்குமேயன்றித் தானே முதலில் எழுதாது. விவாதம் ஒரு வாரம் நடந்தது. எதிர்த்தோர் ஒருவரும் மரியாதை குன்றிப் பேசவில்லை. கட்டுரை நீக்கப்பட்டது.

ஊர்ப் பெரியவரான ஹாஜியார் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, நம்ம புலவரை அழிச்சுட்டாங்களாமே! நீங்க தமிழ் வாத்தியாரா இருந்தும் பார்த்துக்கிட்டா இருந்தீங்க?" என்றார். அவருக்கு விதிகளை விளக்க முயன்றோம். இடையிலேயே நம் குரல் தளர்ந்துவிட்டது.

ஏனெனில் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்கு நாம் பொருள் தேடிய காலத்தில், "நம்ம புலவரை எடுத்துச் செய்யேன்" என்று வாப்பா இருமுறை கூறினார்கள். புலவரிடம் பயின்றோர் அப்போது பலர் உயிரோடிருந்தனர். புலவரின் மகளாரும் இருந்தார். நாமோ, முந்தைய ஆய்வுகள் இல்லாத பொருளில் மேற்கோள் காட்டுவது அரிது எனக் கருதி, பலரும் நடந்து தேய்ந்த ஒரு தலைப்பை எடுத்துப் பட்டம் பெற்றோம். அன்று சான்றில்லை என்று நாம் எழுதவில்லை. நாம் எழுதாமையால் இன்று சான்றில்லை. அந்த இளைஞர் கேட்ட வினாவுக்கு விடை சொல்லும் கடமை வேறெவருக்கும் முன்னர் நமக்கே இருந்தது. வாப்பா இன்றில்லை.

இவ்வாண்டு முதுகலை மாணவியொருவர் அச்சிறுநூலைப் படியெடுத்து, ஊரின் மூதாட்டிமார் மூவரிடம் எஞ்சிய பாடல்களைக் கேட்டு ஒலிப்பதிவு செய்து வருகிறார். ஆய்வேடு அவருடையது, பெயரை அச்சில் முதலில் எழுதும் உரிமையும் அவருடையதே. அதனாலேயே நாம் அதனை இம்மலரில் குறிக்கவில்லை.

ஹாஜியார் வெள்ளிதோறும் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் நம்மை நிறுத்தி, "பேரு வந்துருச்சா தம்பி?" என்று கேட்கிறார்.

"இன்னும் இல்லை ஹாஜியார். பிள்ளை எழுதிக்கிட்டிருக்கு" என்கிறோம்.