ஒற்றைத் தண்டவாளம்

ஆனி 8, மூணாறு

அண்ணன் மகளின் கல்லூரிச் சேர்க்கைக்காகச் சாதிச் சான்றிதழ் கேட்டு ஓர் அலுவலகத்தில் இன்று பகல் முழுவதும் காத்திருந்தோம். 1950-ஆம் வருஷம் ஆகஸ்டு 10-ஆம் தேதி, ஜனாதிபதியின் பட்டியல் சாதிகள் உத்தரவு வெளியான அந்த நாளுக்கு முன்பே உங்கள் முன்னோர் இந்த ராஜ்யத்தில் நிலையாகக் குடியிருந்தார்கள் என்பதற்குப் பிரமாணம் என்ன என்று கேட்டார்கள். தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் உடும்பன்சோலையிலும் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளி வாழும் எத்தனையோ குடும்பங்கள் இந்தக் கேள்விக்கு முன்னால் வாயடைத்து நின்றிருக்கின்றன. லயத்து வீடு கம்பெனியுடையது, பட்டா கிடையாது, வரி ரசீது கிடையாது. அந்தத் தேதியில் கேரளம் என்ற ராஜ்யமே உதித்திருக்கவில்லை என்பதும், இந்த மலை திருவிதாங்கூர்-கொச்சியிலும் பாலக்காடு சென்னை ராஜ்யத்திலும் இருந்தன என்பதும், 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் இரண்டும் ஒரே ராஜ்யத்துக்குள் வந்தன என்பதும் வீடு திரும்பும் வழியெல்லாம் என் மனத்தை அறுத்துக்கொண்டே இருந்தன.

எங்களிடம் இருப்பது ஆச்சி சொல்லும் கதை ஒன்றுதான்.

ஆனி 9

அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதி வைக்கிறேன். "எங்க மாமனார் சங்கரன்கோயில் பக்கமிருந்து கங்காணிகிட்ட முன்பணம் வாங்கிட்டு, போடியில இருந்து குரங்கணி ஏறி நடந்தே வந்தாகய்யா. வந்ததும் மொத வேலை ரயிலுல. ஒத்தத் தண்டவாளத்துல மாடு இழுக்கிற ரயிலு. தொரசாணி செத்தப்ப மலமேல குழி வெட்டுனதும் அவுகதான். தொண்ணூத்தொம்பது வெள்ளத்துல ரயிலும் போச்சு, அவுக தம்பியும் போயிட்டாரு."

சிறுவயதில் இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். மாடு இழுப்பது ரயிலாகுமா, ஒற்றைத் தண்டவாளத்தில் வண்டி நிற்குமா என்று வாதாடியிருக்கிறேன். 1899-ல் மூணாற்றில் ரயிலே இல்லை என்பதைப் பள்ளி நாட்களிலேயே அறிந்திருந்தபடியால், வெள்ளத்தையும் நான் நம்பவில்லை.

ஆனி 15

நல்லதண்ணித் தோட்டத்துத் தேயிலை அருங்காட்சியகத்துக்குப் போனேன். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலின் எஞ்சின் சக்கரம் ஒன்று அங்கே காட்சிக்கு இருக்கிறது. அதன் குளிர்ந்த இரும்பில் கையை வைத்தபடி வெகுநேரம் நின்றேன். அந்த ரயிலின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, நான் சிரித்த சிரிப்பு முழுவதற்கும் வெட்கப்பட வேண்டியதாயிற்று. 1902-ல் மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே முதலில் போடப்பட்டது ஒற்றைத் தண்டவாளப் பாதையேதான். பாரத்தின் பெரும்பகுதியைத் தண்டவாளத்தின்மீது ஓடும் சிறு சக்கரங்கள் தாங்க, பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் சாலைமேல் உருண்டு வண்டி சாயாமல் காக்க, மாடுகள் அதை இழுத்துச் சென்றன. 1908-ல் அதை அகற்றிவிட்டு, இரண்டடி அகலத்தில் இரட்டைத் தண்டவாளம் போட்டு நீராவி எஞ்சினை ஓட்டினார்கள். ஆகவே மாடு இழுத்த ரயிலில் வேலை செய்த மனிதர் 1908-க்கு முன்பே இந்த மலைக்கு வந்துவிட்டவராகத்தான் இருக்க வேண்டும். கதையில் எது அபத்தம் என்று தள்ளினேனோ அதுவே எங்களுக்குத் தேதியைக் கொடுத்தது. எவருக்கும் பெருமை சேர்க்காத இப்படியொரு விவரத்தை யாரும் இட்டுக்கட்டிச் சொல்லமாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

அங்கேயே ஒரு கருங்கல் சூரியக் கடிகாரமும் இருக்கிறது. 1913-ல் நாசரேத் கலைத் தொழிற்பள்ளியில் செய்தது. ஆச்சியின் மாமனாரான எங்கள் பூட்டனாரைப் போலவே திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறி வந்த கல் அது. அது பிறந்த ஊரையும் வருஷத்தையும் இன்று எல்லாரும் சொல்லிவிடுகிறார்கள். தூக்கி வந்தவர்களின் ஊரும் பேரும் எதிலும் இல்லை.

ஆனி 17

தொண்ணூற்றொன்பதும் விளங்கிவிட்டது. ஆச்சி சொன்னது கொல்லம் ஆண்டு. 1099-ஆம் ஆண்டு கர்க்கடக மாதம், அதாவது 1924 ஜூலை, கேரளத்தின் பெரும்பகுதியை மூழ்கடித்த அந்தப் பெருவெள்ளத்தை மலையாளத்தில் இன்றும் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்றே சொல்லுகிறார்கள். ஆயிரத்தை விட்டுவிட்டுக் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் சொல்வது வழக்கம். மாங்குளம் வழியாக ஆலுவாய்க்குப் போன பழைய சாலையும் இந்த ரயிலும் அதில்தான் அழிந்தன. ரயிலை மறுபடி யாரும் கட்டவில்லை. தமிழ் பேசும் ஆச்சியின் நாவில் மலையாளக் கணக்கு ஏறியிருக்கிறதே, இந்த மண்ணில் எத்தனை காலம் வாழ்ந்திருந்தால் ஒரு குடும்பம் தன் துக்கத்தை இந்த மண்ணின் ஆண்டில் எண்ணும்!

ஆனி 22

இன்று மனம் கனத்துப்போன நாள். சி.எஸ்.ஐ. தேவாலயத்துக்கு மேலே உள்ள கல்லறைத் தோட்டத்துக்கு ஏறினேன். ஆச்சி சொன்ன துரைசாணி, காலராவில் இறந்த எலினர் என்ற இளம் மனைவி, 1894-ல் அங்கே அடக்கம் செய்யப்பட்டாள். தேவாலயமே அதற்கு வெகு பின்னர், 1910-ல் எழுந்தது. பூட்டனாரின் பிராயத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், 1894-ல் அவர் எட்டோ ஒன்பதோ வயதுப் பிள்ளை. அந்தக் குழியை அவர் வெட்டியிருக்க முடியாது. எங்கள் லயத்திலேயே இன்னும் இரண்டு வீடுகளில் தங்கள் பாட்டனார்தான் வெட்டினார் என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஊருக்கெல்லாம் பொதுவான ஒரு விருத்தாந்தம் ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் உட்கார்ந்து அந்தந்த வீட்டுக்குச் சொந்தமாகிவிட்டது.

ஆனி 28, பாலக்காடு

கொழுந்தியாள் வீட்டு விசேஷத்துக்கு வந்த இடத்தில் கல்பாத்தி விசுவநாத சுவாமி கோயிலைத் தரிசித்தேன். இலட்சுமி அம்மாள் என்ற விதவை காசியிலிருந்து லிங்கம் கொண்டுவந்து, பொன்னும் கொடுத்து, அரசரிடம் கோயில் கட்டித் தருமாறு வேண்டினாள் என்பது இவ்வூர் ஐதீகம். 1425-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று கோயில் முன்னே நிற்கிறது. தஞ்சைப் பக்கமிருந்து கணவாய் தாண்டி வந்த அக்கிரகாரத்துத் தமிழர்களும், சங்கரன்கோயில் பக்கமிருந்து மலை தாண்டி வந்த நாங்களும் வந்தேறிகள்தாம். அவர்களுக்குக் கல் இருக்கிறது. பொறாமையால் இதை எழுதவில்லை. அந்தக் கல்லைத் தொட்டபோது எனக்கும் ஒரு கல் வேண்டுமென்று ஏங்கினேன், அவ்வளவே.

ஆடி 3, மூணாறு

தோட்டத் தொழிலாளர் பெயர்களைப் பதிந்த செக்ரோல் ஏடுகளில் தாத்தாவின் பெயர் அகப்படுமா என்று தோட்டத்துப் பழைய கணக்கர் ஒருவர் தேடிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் ஆச்சியின் வாக்குமூலத்தை நான்கு பக்கத்தில் எழுதி முடித்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். மாட்டு ரயில் இருந்தது, வெள்ளம் இருந்தது. குழி வெட்டிய வரி மாத்திரம் இல்லை. அதை உடனே கவனித்துவிட்டாள். வருஷக் கணக்கை மெதுவாக விளக்கினேன். வெற்றிலையை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டு, வெகுநேரம் வெளியே மூடுபனியைப் பார்த்திருந்தாள்.

"அப்ப அந்தக் குழிய வெட்டுனவன் யாருய்யா? அவனுக்கும் ஒரு பேத்தி எங்கயாவது காயிதம் கேட்டு அலைவாள்ல?" என்றாள்.

பிறகு மைப்பெட்டியைக் கேட்டு வாங்கி, நான்கு பக்கத்திலும் தன் பெருவிரலை அழுத்தினாள்.